நடப்பவர் கட்டை

சாலை விளக்கு வாரியத்தில் ஒரு காலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. பிறகுதான் அதை எளிமையாக்கினார்கள்.

முன்பெல்லாம் எந்தச் சந்திப்பில் எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை இரண்டு பேர் உட்கார்ந்து கணினியில் தட்டெழுதி அனுப்புவார்கள். தெருவில் விளக்கு எரியும். இதில் அதிகாரிகளுக்கு ஒரு மனத்தாங்கல். தட்டெழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிகிறது, கையெழுத்துப் போடுகிற தங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லையே என்று. இப்படி ஓர் அநியாயத்தை எந்த அலுவலகமும் ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ளாது. வாரியம் 'கட்டைப் பலகை' என்ற மென்பொருளை வாங்கியது.

அதில் எழுத்து வேலையே கிடையாது. திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் வண்ண வண்ணக் கட்டைகள். பக்கத்தில் பலகை. மவுஸால் ஒரு கட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகையில் அதற்கான வரிசையில் விட்டால் போதும், தெருவில் விளக்கு அதன்படி எரியும். கட்டையை நீட்டினால் விளக்கு எரியும் நேரமும் நீளும். சின்னக் குழந்தைகூடச் செய்யலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். உண்மைதான். ஆனால் வாரியத்தில் குழந்தைகள் யாரும் வேலை பார்க்கவில்லை.

நம் ஆள் அங்கே இளநிலை நிரலர், அதாவது ஜூனியர் புரோகிராமர். சேர்ந்தபோதும் இளநிலை, முன்மண்டை வழுக்கையாகி, பின்மண்டை நரைத்த பிறகும் இளநிலை. அலுவலகத்தில் எல்லோரும் 'இளநிலை' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் அவருமாக ஒரு வீட்டில் இருந்தார்கள். அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்தின் பாதி ஜனத்தை "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அதட்டி வாழ்ந்த குரல். ஓடுகிற பஸ்ஸில் ஒரு நாளும் விழாதவர், சொந்த வீட்டுப் படிக்கட்டில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்தது. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து முட்டியை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும், விட்டுவிட்டால் முட்டி இறுகிப்போய் அப்புறம் ஜென்மத்துக்கும் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான். அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பச்சை மனிதன் விளக்கில் நடக்க ஆரம்பித்ததும் தானும் நடந்து, அந்தப் பக்கம் போய்விடுவார்.

இந்த நிலைமையில் வாரியத்துக்குப் புது இயக்குநர் வந்தார். வந்தவர் முதல் காரியமாகப் பாதசாரிகள் மேல் அன்பு கொண்டார். அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. கார் கதவிலிருந்து லிஃப்ட் கதவு வரைக்கும் நடப்பதைக் கணக்கில் சேர்த்தால்தான் உண்டு. அது கிடக்கட்டும், அன்பு அன்புதான். அந்த அன்பு சுற்றறிக்கையாக வந்தது. 'நடப்பவருக்கே முதலிடம் என்பதை மெய்ப்பிக்கும் பொருட்டு, ஆஸ்பத்திரி எதிரே உள்ள மாதிரிச் சந்திப்பில், கடைசி வரிசையில் கிடக்கும் நடப்பவர் கட்டையை அகற்றி, முதல் வரிசையில் வைக்க வேண்டும். அகற்றிய பிறகே வைக்க வேண்டும். வைத்த பிறகு அகற்றுதல் கூடாது.'

இளநிலை காலையில் வந்ததும் கடைசி வரிசையிலிருந்த கட்டையை அகற்றினார். தெருவில் பச்சை மனிதன் மறைந்தான். அவர் புதுக் கட்டையை எடுக்கப் போவதற்குள் திரை ஒரு தரம் கண் சிமிட்டியது. மேலே ஒரு பேனர் இறங்கியது. 'நடப்பவரே நம் நாயகர்' என்று கொட்டை எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் இயக்குநரின் சிரித்த முகம். முகம் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. பேனர் நாலு விரற்கடை உயரம். அதற்கு இடம் விட்டுப் பலகை நாலு விரற்கடை கீழே இறங்கிக்கொண்டது.

இளநிலை பேனரை மரியாதையாகப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து நடப்பவர் கட்டையைப் பிடித்து, இழுத்து, முதல் வரிசையில் விட்டார். கட்டை டொக்கென்று சத்தம் போட்டுவிட்டுப் பெட்டிக்கே ஓடிப்போனது. மறுபடி இழுத்தார். மறுபடி டொக். மெதுவாக இழுத்தார், வேகமாக இழுத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏன்டா, சிவப்பு மனுஷன் அசையவே மாட்டேங்கறான். நானும் எவ்ளோ நேரம்தான் நிக்கறது?"

"கொஞ்சம் பொறுக்கா. ஒரு கட்டை விழணும்."

"கட்டை விழறதுக்குள்ள நான் விழுந்துடுவேன் போல இருக்கே" என்று அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

இளநிலை கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார். அதாவது எதுவுமே செய்யமாட்டார்.

"சார், கட்டை நிக்க மாட்டேங்குது. பேனர் வந்த பிறகுதான் இப்படி."

கண்காணிப்பாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எந்தப் பேனர்?"

"திரையில மேல இருக்கே சார். உங்க திரையிலயும் இருக்கு பாருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"இதோ, இயக்குநர் சிரிக்கிறாரே சார்."

"அவர் சிரிக்கிறதுல என்னய்யா தப்பு?" கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவளாவது கூடத்தைத்தான் சொன்னா. நீங்க யாரைச் சொல்றீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கட்டை திரும்பி வருதுன்னா உங்க கையில ஏதோ குறை. கைக்குப் பயிற்சி கொடுக்கலாம். மேல இருக்கறதுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா?"

ஆகவே இளநிலையின் வலது கை பயிற்சிக்கு அனுப்பப்பட்டது. கூடவே அவரும் போனார்.

வாரியத்தின் மாடியில் பயிற்சி மையம். அங்கே மவுஸ் பயிற்றுநர் ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், கண்ணை மூடிக்கொண்டு பேசும் வழக்கம். மேசை மேல் மவுஸ் இருந்தது, கணினி இல்லை. கணினி இருந்தால் கவனம் சிதறுமாம்.

"மவுஸைப் பிடிக்காதீங்க" என்றார் பயிற்றுநர். "அது உங்களைப் பிடிக்கற வரைக்கும் காத்திருங்க."

இளநிலை காத்திருந்தார். மவுஸும் காத்திருந்தது.

"இப்ப இழுங்க. எதை இழுக்கறோம்னு நினைக்காதீங்க. இழுங்க... நல்லா இருக்கு. இப்ப விடுங்க... இல்ல, இல்ல. உங்களுக்கு இழுக்கத் தெரியுது, விடத் தெரியல. வாழ்க்கையிலயும் நீங்க அப்படித்தானா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலை சார்."

"அதான் பார்த்தேன்" என்று பயிற்றுநர் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

அந்த வாரம் முழுக்க இளநிலை கணினி இல்லாத மேசையில், இல்லாத கட்டைகளை, இல்லாத பலகையில் இழுத்து விட்டார். அவை எல்லாம் கச்சிதமாக நின்றன. கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'இழுத்தல்: மிக நன்று. விடுதல்: முயற்சி தேவை.' அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வந்து உண்மையான கட்டையை இழுத்து விட்டார். டொக்.

வீட்டில் அக்காவின் முட்டி இறுக ஆரம்பித்திருந்தது. எதிர்ச்சாரிக்குப் போக எல்லோருக்கும் வழி இருந்தது. கையை நீட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்து ஓடிவிடுவார்கள். கல்லூரிப் பெண்கள் ஓடினார்கள், சைக்கிள்காரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், நர்சுகள் ஓடினார்கள். ஓடத் தெரிந்தவனுக்குப் பச்சை விளக்கு ஒரு அலங்காரம்தான். கைத்தடி ஊன்றுகிறவருக்குத்தான் அது தேவை. வாடகைக் கார் வைத்துச் சுற்றிக்கொண்டு போகலாமே என்றார் இளநிலை.

"காருக்குள்ள ஏறணும்னா முட்டி மடங்கணும்டா" என்றார் அக்கா. "முட்டி மடங்கணும்னா அந்தப் பக்கம் போகணும். அந்தப் பக்கம் போகணும்னா கார்ல ஏறணும். உங்க வாரியத்துல என்னைச் சேர்த்துக்கச் சொல்லு, நானும் நல்லா சுத்தி விடுவேன்."

ஓரிரு நாள் ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி இந்தப் பக்கம் ஓடி வந்து வீட்டிலேயே பயிற்சி கொடுத்தாள். பிறகு அவளையும் ஒரு மோட்டார் சைக்கிள் உரசிவிட்டுப் போனதில் அதுவும் நின்றது. இன்னும் இரண்டு மூன்று வாரம் இப்படியே போனால் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னார். அக்கா அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இளநிலைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவர் எழுதிய முறையீடுகள் மேலே ஏறி, இணை இயக்குநர் மேசைக்குப் போயின. இணை இயக்குநரை எல்லோரும் மேடம் என்பார்கள். வாரியத்தில் தீர்மானம் எடுப்பதாகப் பேர் வாங்கிய ஒரே ஆள். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று மேடம் தீர்மானம் எடுத்தார்.

இளநிலைக்கு நம்பிக்கை பிறந்தது. கண்ணால் பார்த்தால் புரியாமலா போய்விடும்? அக்காவையும் வந்து நிற்கச் சொன்னார். அக்கா இருப்பதில் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, கைத்தடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, சாலையோரம் வந்து நின்றார். இரண்டு கார்களில் குழு வந்து இறங்கியது. மேடம், கண்காணிப்பாளர், பயிற்றுநர். குடிநீர் பாட்டில் தூக்கிக்கொண்டு வந்தது இளநிலை.

மேடம் எதிர்ச்சாரி விளக்கைப் பார்த்தார். சிவப்பு மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

"எரியுதே" என்றார் மேடம்.

"சிவப்பு எரியுது மேடம்" என்றார் இளநிலை.

"அப்ப விளக்கு நல்லா இருக்கு. எழுதிக்குங்க." கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டார்.

"இந்த அம்மா யாரு?"

"நடப்பவர் மேடம்" என்றார் இளநிலை. சொந்த அக்கா என்று சொன்னால் சுயநலம் என்று எழுதிக்கொள்வார்களே என்ற பயம்.

மேடம் அக்காவின் தோளில் கை வைத்தார். "நீங்கதான்மா எங்க நாயகர்."

"அப்படியா? அப்ப நாயகரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கொண்டு விடுங்க" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் நின்றார்கள். ஆய்வு முடிந்த பிறகு டீ குடிப்பதற்கு எதிர்ச்சாரியில், ஆஸ்பத்திரி கேன்டீனில்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெயில் ஏறியது. லாரியும் பஸ்ஸும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. சிவப்பு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குழுவைச் சுற்றி ஆட்கள் வந்து நிற்பதும், சந்து கிடைத்ததும் பாய்ந்து ஓடுவதுமாக இருந்தார்கள்.

மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இவங்கல்லாம் எப்படிப் போறாங்க?"

"ஓடறாங்க மேடம்" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்ப போக முடியுது." மேடம் யோசித்தார். அவர் யோசிப்பதைக் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டார். "நாமளும் ஒரு தடவை செஞ்சு பார்த்துடலாம்."

சந்து கிடைத்தது. மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். கண்காணிப்பாளர் கோப்பைத் தலைக்கு மேல் பிடித்தபடி, தொந்தி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக ஓடினார். பயிற்றுநர் அப்போதுதான் கண்ணை நன்றாகத் திறந்தார். எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்ததும் அவர்தான். எதிர்ச்சாரியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மலை ஏறி வந்தவர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

"இளநிலை! வாங்க! டீ ஆறுது!" என்று கண்காணிப்பாளர் கத்தினார்.

இந்தப் பக்கம் அக்கா. அந்தப் பக்கம் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளநிலை அக்காவைப் பார்த்தார். இளநிலை ஓடினார்.

ஆய்வுக் குறிப்பு அங்கேயே, கேன்டீன் மேசையிலேயே எழுதப்பட்டது. 'சந்திப்பு நேரில் கடந்து பார்க்கப்பட்டது. கடக்க முடிகிறது.' மேடம் அதை வாசித்துக் காட்டச் சொல்லி, பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி கேட்டார். இளநிலை திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, சாலையோரத்தில் அக்கா இல்லை. தடியை ஊன்றி ஊன்றி வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் அக்கா அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இளநிலைதான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தார். "அவங்க கூப்பிட்டாங்கக்கா... மேடம் வேற நின்னுட்டு இருந்தாங்க..."

"நீ ஓடினது தப்பில்லடா" என்றார் அக்கா. "உனக்கு முட்டி நல்லா இருக்கு, ஓடற."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட அவருக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர். ஒரு நாளும் இவர் கையை விட்டுவிட்டு ஓடாதவர். இளநிலைக்கு வெட்கமாக இருந்தது. சரி, அந்த மாதிரி வெட்கம் எல்லா மனிதனுக்கும் ஒரு தரமாவது வர வேண்டும். வராதவர்களை வைத்துத்தான் வாரியம் நடக்கிறது.

அக்கா அதன் பிறகு சாலைப் பக்கமே போகவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலை விறைப்பாக இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தார். ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவரால் குனிய முடியவில்லை. இளநிலை மாட்டி விடப் போனார். "வேணாம், எங்க போகப் போறேன்" என்று அக்கா காலை இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொள்ளும்போது வலித்தது. முகத்தில் தெரிந்தது.

அன்று அலுவலகத்துக்குப் போனால், அவர் மேசை மேல் ஒரு பூங்கொத்து.

"வாழ்த்துகள்!" என்றார் கண்காணிப்பாளர். "மாதிரிச் சந்திப்புல இந்த வாரம் ஒரு புகார்கூட இல்ல. ஒண்ணுகூட! மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம். நடப்பவர் நலன் முழுமையா நிறைவேறின முதல் சந்திப்புன்னு இயக்குநருக்கு அறிக்கை போகுது. பிழை சரி செய்யப்பட்டதுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும். உங்க பதவி உயர்வைப் பத்தியும் பேச்சு அடிபடுது."

"சார், பச்சை இன்னும் எரியவே இல்ல."

"யாராவது கேட்டாங்களா?"

கேட்கவில்லைதான். ஓட முடிந்தவர்கள் ஓடப் பழகிவிட்டார்கள். ஓட முடியாதவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இனி யார் புகார் எழுத இருக்கிறார்கள்?

இளநிலை தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். திரையில் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். 'நடப்பவரே நம் நாயகர்'. இளநிலை கோபக்காரர் அல்லர். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். ஆனாலும் அன்று கோபம் வந்துவிட்டது. பெட்டியிலிருந்து நடப்பவர் கட்டையைப் பிடித்தார். அக்கா ஒரு அடி வைத்து, நின்று, தடியை மாற்றி, அடுத்த அடி வைப்பது கண்ணில் ஓடியது. அந்த நடைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுக்குக் கட்டையை நீட்டினார். விதியில் உள்ள நீளத்தைவிடப் பல மடங்கு. "இந்தாய்யா, நீயே வச்சுக்கோ!" என்று வாய்விட்டுச் சொல்லி, அதைத் தூக்கி இயக்குநரின் முகத்தின் மேலேயே விட்டெறிந்தார்.

டொக் சத்தம் வரவில்லை. கட்டை பலகையின் முதல் வரிசையில் போய்ச் சமத்தாக உட்கார்ந்துகொண்டது.

இளநிலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அங்கேயேதான் இருந்தது. விஷயம் இவ்வளவுதான். பேனருக்காகப் பலகை கீழே இறங்கியது கண்ணுக்குத்தான் தெரிந்ததே தவிர, மென்பொருளுக்குத் தெரியாது. அது பலகை இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு, நாலு விரற்கடை மேலே கை வைப்பார்கள் என்று காத்திருந்தது. முதல் வரிசைக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது இயக்குநரின் முகம்.

போனை எடுத்தார். "அக்கா, ஜன்னல் வழியா பாரேன்."

"டேய், பச்சை மனுஷன் நடக்கறான்டா" என்றார் அக்கா. "இன்னும் நடக்கறான்... இன்னும் நடக்கறான்டா!"

மூன்றாம் நாள் விசாரணைக் குழு கூடியது.

கட்டைப் பலகை, யார் எந்தக் கட்டையை எங்கே விட்டார் என்பதை எல்லாம் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். மாதிரிச் சந்திப்பின் பதிவு மட்டும் பலகைக்கு வெளியே எங்கோ ஒரு புள்ளியைக் காட்டியது. அந்தப் புள்ளி எது என்று பார்ப்பதற்காகக் கூட்ட அறையில் பேனரின் அச்சுப் பிரதி ஒன்றைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கண்காணிப்பாளர் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு தரமும் "மன்னிக்கணும் சார்" என்று படத்திடம் சொல்லிக்கொண்டு அளந்தார். மேலேயிருந்து இவ்வளவு, இடது பக்கத்திலிருந்து இவ்வளவு. கடைசியில் பென்சிலைப் படத்தில் படாமல் காற்றிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எங்க?" என்றார் மேடம்.

"நெற்றி மேடம். இடது புருவத்துக்குக் கொஞ்சம் மேல."

யாரோ தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது.

"பேனர் மறைக்குது மேடம்" என்றார் இளநிலை. "அதை எடுத்துட்டா நெற்றிக்கே போக வேண்டியதில்ல. நேரா வரிசையிலயே வச்சிடலாம்."

"அது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" மேடம் எழுந்து நின்றார். "பேனர் வந்த அன்னிக்கே தெரியும். என் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நானே இழுத்துப் பார்த்தேன். கண்காணிப்பாளர் இழுத்துப் பார்த்திருக்கார்."

"பல தடவை மேடம்" என்றார் கண்காணிப்பாளர் பணிவாக.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சும் நாங்க அடக்கமா இருந்தோம். அதுக்குப் பேருதான் நிர்வாகம். இந்த வாரியத்துல ஒரு கட்டை விழலைன்னா அது ஒரு பெரிய குத்தமா? அதுக்குக் கடிதம் எழுதுவோம், பயிற்சி கொடுப்போம், வெயில்ல போய் நேர்ல பார்ப்போம். அதுக்காகத்தானே நாங்க இத்தனை பேர் இருக்கோம்! நீங்க பாட்டுக்கு ஒரு நிமிஷத்துல வேலையை முடிச்சிட்டா, மத்தவங்க என்ன பண்றது? நாளைக்கு இயக்குநர் கேட்பார். 'ஒரு நெற்றியில முடியற வேலைக்கு இவ்ளோ பேர் எதுக்கு'ன்னு கேட்பார். நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்?"

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் மேசையைத் தட்டினார்கள். பிறகு அது பாராட்டுக் கூட்டம் இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேடம் இளநிலையிடம் கேட்டார்.

இளநிலை எழுந்தார். இந்த முறை ஓடவில்லை. "அன்னிக்கு அங்க நின்னாங்களே மேடம், அவங்க என் அக்கா. மூணு நாளா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றாங்க. நேத்து முட்டி கொஞ்சம் மடங்குச்சு. அந்தக் கட்டையை நான் எடுக்க மாட்டேன்."

உத்தரவு அன்றே வந்தது. இளநிலை தற்காலிகப் பணிநீக்கம். இனி வாரியத்தின் எந்த மவுஸையும் தொடக் கூடாது. நெற்றியில் விடப்பட்ட கட்டையைக் கண்காணிப்பாளர் உடனடியாக அகற்ற வேண்டும்.

கண்காணிப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கட்டை முதல் வரிசையில் தெரிந்தது. பிடித்தார், பிடிபடவில்லை. கட்டை தெரிகிற இடம் ஒன்று, பிடிக்க வேண்டிய இடம் வேறு. நாலு விரற்கடை மேலே. அம்புக்குறி மெல்ல மெல்ல ஏறி, இடது புருவத்துக்கு மேலே போய் நின்றது. கண்காணிப்பாளருக்கு வியர்த்தது.

"அழுத்துங்க" என்றார் மேடம் பின்னாலிருந்து.

"அழுத்தினா பதிவாகும் மேடம். நெற்றியை அழுத்தியவர் கண்காணிப்பாளர்னு என் பேர்ல நிக்கும். அவராவது ஒரு தடவை விட்டெறிஞ்சார். நான் அழுத்தி, பிடிச்சு, இழுக்கணும். எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கு மேடம். நீங்களே ஒரு தடவை..."

மேடம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பயிற்றுநருக்கு ஆள் போனது. அவர் வந்து பார்த்துவிட்டு, "நான் சொல்லிக் கொடுக்கறவன், செய்யறவன் இல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சந்திப்பின் பலகை முழுவதையும் ஒரேயடியாக அழித்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அழித்தால் வண்டிகளுக்கான விளக்கும் அணைந்துவிடும். இயக்குநர் தினமும் அலுவலகம் வருவது அந்த வழியாகத்தான். பேனரையே எடுத்துவிடலாமே என்று இன்னொருவர் முணுமுணுத்தார். அதற்கு இயக்குநரின் உத்தரவு வேண்டும். உங்கள் முகத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் முகத்துக்கு நேரே போய்ச் சொல்வது யார் என்று தீர்மானிக்க ஒரு குழு போடப்பட்டது. குழுவுக்குத் தலைவராக இருக்க எல்லோரும் அடுத்தவரை முன்மொழிந்தார்கள். இன்று வரை அது கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

பச்சை மனிதன் நடந்துகொண்டே இருக்கிறான்.

இளநிலைக்கு இப்போது பாதிச் சம்பளம், முழு ஓய்வு. அக்காவுக்கு அது உறுத்தல். "என்னால உன் பொழைப்புல மண்ணு விழுந்துச்சே" என்பார். "கட்டை விழுந்துச்சேக்கா, அது போதும்" என்பார் இளநிலை. தினமும் காலையில் அவர்தான் அக்காவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறார். அந்த நேரத்துக்கு வேறு சிலரும் வந்து சேர்கிறார்கள்: சக்கர நாற்காலிக்காரர் ஒருவர், நிறைமாதக்காரி ஒருத்தி, இருமிக்கொண்டே வரும் ஒரு தாத்தா. பச்சை விழுந்ததும் ஊர்வலம் மாதிரிக் கிளம்புவார்கள். நின்று, மூச்சு வாங்கி, பேசிக்கொண்டு போனாலும் நேரம் மிச்சம் இருக்கும்.

போன வாரம் ஒரு நாள் அவர்கள் பாதிச் சாலையில் இருக்கும்போது, முன்வரிசையில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே மேடம். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, முகம் சிவந்திருந்தது.

"இளநிலை! இந்தப் பச்சை எப்பதான் மாறும்?"

"நீங்க நெற்றியை அழுத்தினா மாறிடும் மேடம்" என்றார் இளநிலை.

கண்ணாடி ஏறிக்கொண்டது. அக்கா தடியை மாற்றி ஊன்றி, முட்டியை நன்றாக மடக்கி, அடுத்த அடியை எடுத்து வைத்தார். அவசரமே படவில்லை.